சிற்பத்துக்குக் காசு கொடுத்தது நீங்க, பதிப்புரிமை யாருக்கு?

எர்ணாகுளம் பிராட்வேயில் பேரம் பேசி ஒரு பிளாஸ்டிக் பூங்கொத்து வாங்கினால், கணக்கு கடை வாசலிலேயே முடிந்துவிடும். அதே ஆசை வளர்ந்து, 'புது ஆபீஸ் வரவேற்பறைக்குப் பித்தளையில் ஒரு செங்காந்தள் செஞ்சு தாங்க' என்று ஒரு சிற்பியிடம் போய் நின்றால், கணக்கு அவ்வளவு சீக்கிரம் முடியாது.

முதலில், என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியணும். மொட்டா, விரிந்த பூவா, கொடியோடா? செங்காந்தளின் இலை நுனி சுருண்டு பற்றுக்கொடியாக மாறும். அந்தச் சுருள் வேண்டுமென்றால் அட்வான்ஸுக்கு முன்பே சொல்லுங்கள். களிமண் மாதிரியில் எதையும் திருத்தலாம். உலோகம் ஊற்றிய பிறகு திருத்தச் சொன்னால் செலவு உங்கள் தலையில்தான்.

எந்தப் படத்தைப் பார்த்துச் செய்வது? இன்ஸ்டாகிராமில் பிடித்த ஓவியத்தைக் காட்டி 'இதே மாதிரி' என்பது பலருடைய வழக்கம். ஆனால் ஓவியத்தைச் சிற்பமாக்குவதும் சட்டப்படி நகலெடுப்பதுதான், வரைந்தவரின் அனுமதி வேண்டும். கொச்சியில் இருப்பவர்களுக்கு நல்ல மாற்று உண்டு. இங்கே டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் போன்ற உள்ளூர் வைத்தியர்களின் துணையோடு தொகுத்த 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' நூலின் 12 தொகுதிகள் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தன. நம்ம செங்காந்தள் அதில் 'மேந்தோன்னி' என்ற மலையாளப் பெயரில் இருக்கிறது. பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துபோன படங்கள் அவை.

இனிதான் பலர் சறுக்கும் இடம். 'காசு கொடுத்தேன், எல்லாம் எனக்குத்தானே?' இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, பணம் கொடுத்துச் செய்யச் சொன்னவருக்கே உரிமை என்று சில வகைகளைக் குறிப்பிடுகிறது: புகைப்படம், ஓவியம், உருவப்படம், செதுக்கு அச்சு, திரைப்படம். சிற்பம் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே பொருள் உங்களுடையது, பதிப்புரிமை கலைஞருடையது. அந்தக் காந்தளைக் குட்டி சாவிக்கொத்தாக்கி கிளையன்ட்டுகளுக்குக் கொடுக்க அவருடைய அனுமதி தேவை.

இன்னொன்று, 57ஆவது பிரிவு. உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும், தன் பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைச் சிதைத்தால் கலைஞர் வழக்குப் போடலாம். டெல்லி விஞ்ஞான் பவனுக்காக அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் கழற்றியபோது அது சேதமானது. செய்யச் சொன்னதே அரசுதான். ஆனாலும் 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம், மிச்சத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்து 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் தரச் சொன்னது. பயப்பட வேண்டாம், ஆபீஸ் மாறும்போது காந்தளைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்தால் தப்பில்லை. காட்சிக்கு வைக்காதது மீறல் ஆகாது என்று அதே பிரிவு சொல்கிறது. உடைத்து எடைக்குப் போடுவதுதான் வம்பு.

உரிமையும் வேண்டும் என்றால் வாட்ஸ்அப்பில் 'ஓகே சார்' என்ற பதிலை நம்பாதீர்கள், கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள்தான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான் என்கிறது 19ஆவது பிரிவு. அச்சு யாரிடம் இருக்கும், அதில் இன்னொரு பிரதி வார்க்கலாமா என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எழுதாவிட்டால், உங்கள் காந்தளின் இரட்டைப் பிறவி எதிர் ஆபீஸ் வரவேற்பறையில் பூத்தாலும் கேள்வி கேட்பது கஷ்டம்.