பழைய புத்தகத்தில் ஒரு மலை

பழைய புத்தகத்தை நாம எடைக்குப் போடுவோம். கனடாவின் மான்ட்ரியல் நகரச் சிற்பி கீ லாராமே அதில் மலை செதுக்குகிறார். தடித்த கலைக்களஞ்சியங்களை அடுக்கி அறுத்து, மணலை வேகமாகப் பீய்ச்சித் தேய்த்தால் பள்ளத்தாக்கு, குகை எல்லாம் வந்துடும். பிரிட்டானிகா அச்சுப் பதிப்பு 2012-இல் நிறுத்தப்பட்டதும், அதன் 24 தொகுதிகளையே மலைத்தொடராக்கினார். மலை தேயுற மாதிரி மனிதர் சேர்த்த அறிவும் தேயுது என்பது அவர் கருத்து. காகிதமே மரத்தை அரைச்சு வந்ததுதானே! மரம் போன மலையில் மழை மண்ணை அரிச்சிட்டுப் போறது நமக்கும் தெரியும்.

குழுவில் செய்ய ஆசையா? பசையும் பெயின்ட்டும் ஏறின தாள் மறுசுழற்சிக்கு எளிதில் ஆகாது. பக்கம் போன புத்தகத்தை மட்டும் எடுங்க. படிக்கிற மாதிரி இருந்தா பிள்ளைகளுக்குக் கொடுத்துடுங்க. அட்டையைப் பிரிச்சிட்டு, ஒவ்வொரு தாளின் மேல்மூலை, கீழ்மூலையை நடுத்தையல் பக்கம் மடிச்சிட்டே வந்தா, பசையே இல்லாம நம்ம தேரிக்காட்டு முள்ளெலி ரெடி.