உறைபனியில் உம்மாவுக்கும் ஒரு நாள்



கனடாவில் குடும்பத்தோடு வாழும் என் தங்கை, சென்ற டிசம்பரில் தொலைபேசியில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். டொரொன்டோவில் ஒரு பூங்கா மேடு. எங்கும் வெண்பனி. சறுக்குப் பலகையில் அமர்ந்து பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சறுக்கி வருகிறார்கள். கடைசியில், ஹிஜாபுக்கு மேல் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு என் தங்கையே சறுக்கி வந்து, கவிழ்ந்து, எழும்ப முடியாமல் சிரிக்கிறாள்.

பார்த்துக்கொண்டிருந்த என் இளைய மகள் கேட்டாள்: "வாப்பா, எங்கட உம்மா விளையாடி நாம ஒரு நாளும் காணல்லியே?"

அடுப்படியில் நின்ற என் மனைவியின் காதிலும் அது விழுந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. எனக்கும் பதில் வரவில்லை. பாசிக்குடாவுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறோம். நானும் பிள்ளைகளும் கடலில் இறங்குவோம். அவர் மரநிழலில் பாயை விரித்து, சோற்றுச் சட்டிக்கும் எங்கள் செருப்புகளுக்கும் காவல் இருப்பார். அதைத்தான் 'குடும்பமாகப் போய் வந்தோம்' என்று நான் சொல்லி வந்திருக்கிறேன்.

ஜனவரிக் கடைசியில் நுவரெலியா போவதென்று முடிவு செய்தோம். சட்டி, பானை, அடுப்பு எதுவும் கொண்டுபோவதில்லை என்பது என் நிபந்தனை. பாணும் வாழைப்பழமும், ஒரு பிளாஸ்க்கில் இஞ்சித் தேநீரும் போதும்.

"அங்க ஐஸ் மழை பெய்யுமா வாப்பா?" என்றாள் மகள். இலங்கையில் வெண்பனி பெய்வதில்லை. ஆனால் உறைபனி உண்டு. உயரம் கூடக் குளிரும் கூடும். ஆயிரம் மீற்றருக்கு ஏறக்குறைய ஆறரைப் பாகை வெப்பம் குறைகிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் நிலம் தன் சூட்டை வானுக்கு விட்டுவிட, புல்லின் மேல் ஈரம் உறைந்து வெள்ளையாகிவிடும். பார்க்க அழகுதான். ஆனால் தேயிலைக் கொழுந்தும் உருளைக்கிழங்குச் செடியும் அதில் கருகிப்போவதால் விவசாயிகளுக்கு அது பெரும் நஷ்டம். மரக்கறிப் பாத்திகளில் கால் வைக்கக் கூடாதென்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வைத்தேன்.

எனக்கும் உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. 'ஸல்ஜ்' என்றால் வெண்பனி, 'பரத்' என்றால் ஆலங்கட்டி என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவன் நான். தொழுகையின் ஆரம்பத்தில் ஓதும் ஒரு துஆவில், பாவங்களைத் தண்ணீராலும் இவ்விரண்டாலும் கழுவுமாறு கேட்கிறோம். வாவிக் கரையில் பிறந்து வளர்ந்த நான் அந்த வெண்மையை ஒரு நாளும் கண்டதில்லை.

பேராதனையில் தொடங்கும் ஏ 5 நெடுஞ்சாலை நுவரெலியா, வெலிமடை, பதுளை, பிபிலை, மகாஓயா வழியாக வந்து நம் செங்கலடியில்தான் முடிகிறது. இஷாவுக்குப் பின் அதே பாதையில் வேனில் ஏறிப் போனோம். ஸுபஹுக்கு வுழூச் செய்யும்போது குழாய்த் தண்ணீர் கையைக் கடித்தது. முழு வுழூவுடன் அணிந்த, கணுக்காலை மூடிய, நீர் புகாத தோலுறையின் மேல் பயணி மூன்று நாளும், ஊரில் இருப்பவர் ஒரு நாளும் மஸ்ஹுச் செய்யலாம் என்ற சலுகையின் அருமை எனக்கு அன்றுதான் உடம்பில் உறைத்தது.

விடிந்தபோது, 1873 இல் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் அமைக்கப்பட்ட ஏரியிலிருந்து சற்றுத் தள்ளி, ஆள் நடமாட்டமில்லாத ஒரு புல்மேட்டில் நின்றோம். மேடு முழுவதும் உப்புத் தூவியதுபோல் வெள்ளை. மூத்தவன் கடையில் கேட்டு வாங்கிய காட்போட் மட்டையை விரித்தான். நனைந்த புல்லில் அது வழுக்கிக்கொண்டு போனது. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். என் மனைவி வழக்கம்போல் பைகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"நான் பைகளைப் பாக்கிறன். நீங்க போங்க" என்றேன்.

"என்னத்துக்கு இந்த வயசில? மௌலவிர பொண்டாட்டி சறுக்கி விளையாடினா எண்டு ஊரெல்லாம் கதைக்கும்."

அந்தச் சொல் என்னைக் குத்தியது. மிம்பரில் நின்று எத்தனையோ சொல்லியிருக்கிறேன், இதைச் சொன்னதில்லை. நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் தோழர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். அதில் மனைவி வென்றார். பின்னொரு முறை ஓடியபோது நபியவர்கள் வென்று, அதற்கு இது சரியாகிவிட்டது என்று சிரித்தார்கள். அபூதாவூத், அஹ்மத் ஆகிய கிரந்தங்களில் இச்செய்தி இருக்கிறது. அதை அந்த மேட்டில் வைத்து என் மனைவிக்குச் சொன்னேன்.

சற்று நேரம் தரையைப் பார்த்திருந்தவர் எழுந்து போனார். அபாயாவை ஒதுக்கிக்கொண்டு, மகளை முன்னால் அமர்த்தி, மட்டையில் உட்கார்ந்தார். கீழே போய்ச் சேரும்வரை இருவர் சத்தத்தில் எது யாருடையது என்று தெரியவில்லை. மூச்சு வாங்க மேலே ஏறி வந்தவர் பிள்ளைகளிடம் சொன்னார்: "சின்னப்பிள்ளையில கடக்கரை மணல் மேட்டில தென்ன மட்டையில சறுக்குவம். எங்கட ராத்தாவ விட நான்தான் கெட்டிக்காரி." இத்தனை வருடத்தில் அது எனக்குத் தெரியாது. பிறகு ஏழெட்டுத் தடவை சறுக்கினார். வெயில் ஏறி வெள்ளை உருகியதும்தான் நிறுத்தினார்.

பனி விளையாட்டு முஸ்லிம் பெண்களுக்குத் தூரமானதல்ல. ஈரானில் அல்புர்ஸ் மலைச் சரிவுகளில் பெண்கள் பனிச்சறுக்கு விளையாடுகிறார்கள். அந்நாட்டின் மர்ஜான் கல்ஹோர் 2010 இல் வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கில் தலையை மூடியபடி போட்டியிட்டார். அவ்விளையாட்டு விழாவுக்குப் போன முதல் ஈரானியப் பெண் அவரே. நம் பிள்ளைகள் தொழில் பார்க்கும் துபாயிலும் 2005 இல் ஒரு கட்டடத்துக்குள்ளேயே பனிச்சறுக்குத் தளம் திறக்கப்பட்டது. அதன் நீண்ட சறுக்குப்பாதை 400 மீற்றர்.

சகோதரிகளே, நுவரெலியாப் பயணம் எல்லோருக்கும் இயலாது. நமக்குப் பாசிக்குடாவின் ஆழமில்லாத கடல் இருக்கிறது. வாவிக் கரை இருக்கிறது. கூட்டம் குறைந்த நேரத்தையும் மறைவான இடத்தையும் பார்த்துப் போனால் போதும். ஆனால் சோற்றுச் சட்டியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பைகளுக்குக் காவல் இருக்கும் வேலையைக் கணவரிடம் கொடுங்கள். இதை வாசிக்கும் கணவர்மாரும் கேட்கும்வரை காத்திராமல் அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் மகாஓயா வெந்நீர் ஊற்றில் இறங்கிக் குளிர்ந்த கால்களைக் கழுவினோம். வேனில் ஏறியதும் என் மனைவி, மகளின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அந்தக் காட்போட் மட்டையை மகள் வீடுவரை மடியில் வைத்திருந்தாள்.

அல்லாஹ் நம் வீடுகளில் அன்பையும் மகிழ்ச்சியையும் நிலைக்கச் செய்வானாக!