நாய்க்குட்டியும் குடும்ப வரவு செலவும்

மாடு வாங்குவதானால் வீட்டார் பல நாள் கூடிப் பேசுகின்றனர். சுழி பார்க்கத் தெரிந்த பெரியவர் அழைக்கப்படுகிறார், தரகர் வருகிறார், தீவன விலை கணக்கிடப்படுகிறது. நாய்க்குட்டி மட்டும் யாதோர் ஆலோசனையுமின்றி இல்லத்தினுள் நுழைந்துவிடுகிறது. பள்ளி விட்டு வரும் சிறுவன் அதைச் சட்டைக்குள் அணைத்துக் கொண்டு வருகிறான். அல்லது அடுத்த தெருவில் பெட்டை ஈன்ற ஐந்தில் ஒன்றை, "பிள்ளைங்க ஆசைப்படுதுங்களே, வச்சுக்கிடுங்க" என்று ஒருவர் வாசலில் விட்டுச் செல்கிறார். காசு கொடாமல் வந்ததற்குக் கணக்கு எதற்கு என்பது வீட்டாரின் எண்ணம். பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வெளிநாட்டு இனக் குட்டி வாங்குவோரும் இவ்வகையில் மாறுபட்டவர் அல்லர். விலையைக் கொடுத்ததோடு செலவு முடிந்தது என்றே அவர்களும் கருதுகின்றனர்.

குட்டியின் விலை வேறு. குட்டியை வளர்க்கும் விலை வேறு. உணவுச் செலவை எக்குடும்பமும் எப்படியோ ஈடுகட்டிவிடுகிறது. முன்கூட்டி எண்ணப்படாதது கால்நடை மருத்துவச் செலவே. அதன் விளைவை நம் போன்ற பங்குத்தந்தையர் நன்கு அறிவோம். ஏனெனில், வளர்க்க இயலாத நாயை எங்கே விடுவது என்று திகைப்போருக்கு இரவு வேளையில் திறந்து கிடக்கும் ஆலய வளாகமே முதலில் நினைவுக்கு வருகிறது. கழுத்தில் பட்டை கிடந்த தடம் மாறாமல், உடலெங்கும் சொறியோடு, கெபியருகே வந்து படுத்திருக்கும் நாயைக் காலைத் திருப்பலிக்கு வருவோர் பலமுறை கண்டிருப்பர்.

சென்ற ஆண்டு நம் பங்கைச் சேர்ந்த கொத்தனார் ஒருவரின் இல்லத்தில் இரண்டு மாதக் குட்டி ஒன்று வாந்தியெடுத்தது. மறுநாள் இரத்தம் கலந்த கழிச்சல் கண்டது. இரண்டு நாள் கைவைத்தியம் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் தனியார் மருத்துவரிடம் தூக்கிச் சென்றனர். ஐந்து நாள் குளுக்கோஸ் ஏற்றியதில் ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் கரைந்தது. இல்லத்தரசியின் கம்மல் அடகுக்குச் சென்றது. ஆறாம் நாள் குட்டி இறந்தது. அக்குடும்பத் தலைவர் நம்மிடம் கேட்டது இதுதான்: "ஊசி போட்டிருந்தா ஆயிரம், ரெண்டாயிரத்தோட போயிருக்கும்னு டாக்டர் சொல்றாரு சாமி. இத எங்களுக்கு முன்னாடியே யாரு சொன்னா?" கேள்வி நியாயமானது. அதன் பொருட்டே இக்கட்டுரை.

அக்குட்டியைக் கொன்றது பார்வோ எனப்படும் நச்சுயிரி. 1978-ஆம் ஆண்டளவில் உலகில் முதன்முதலாக அறியப்பட்ட இந்நோய், சில ஆண்டுகளிலேயே எல்லா நாடுகளிலும் பரவிவிட்டது. குடலின் உட்சுவரை அது அரித்துவிடுவதால் உண்டதும் குடித்ததும் உடலில் தங்குவதில்லை. அந்த நச்சுயிரியையே அழிக்கவல்ல மருந்து இதுகாறும் எளிதில் கிடைப்பதாக இல்லை. நீரும் உப்பும் குறையாமல் நாளம் வழியே ஏற்றி, பிற கிருமிகள் தொற்றாமல் காத்து, குட்டியின் உடலே நோயை வெல்லும் வரை தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை. அது பல நாள் நீடிப்பதால்தான் செலவு பெருகுகிறது. இன்னொன்றும் உண்டு. இந்நச்சுயிரி தரையிலும் கோணியிலும் தட்டிலும் பல மாதம் உயிரோடிருக்கும். பார்வோ கண்ட வீட்டில், பிள்ளைகளின் அழுகையை ஆற்றும் பொருட்டு அடுத்த வாரமே வேறொரு குட்டியைக் கொண்டுவருவது அதையும் சாவுக்குக் கொடுப்பதாகும். சாதாரண சோப்பு நீர் போதாது. பிளீச்சிங் பவுடர் கரைசலால் இடத்தைக் கழுவ வேண்டும். புதிய குட்டியைத் தடுப்பூசிகள் முடிந்த பின்னரே அவ்விடத்தில் விட வேண்டும்.

ஒரே நோய்க்கு ஒரே ஊசியை ஏன் மும்முறை போட வேண்டும், இது மருத்துவரின் வருமானத்துக்கான வழியன்றோ என்று சிலர் ஐயுறுகின்றனர். காரணம் தாயின் சீம்பாலில் உள்ளது. பிறந்தவுடன் குடிக்கும் சீம்பால் வழியே தாயின் நோய் எதிர்ப்பாற்றல் குட்டிக்குச் சில வாரங்களுக்குக் காவலாய் நிற்கிறது. அக்காவல் இருக்கும் வரை தடுப்பூசியின் மருந்தையும் அது பகையென எண்ணி அழித்துவிடும். அக்காவல் ஒரு குட்டிக்கு ஆறாம் வாரத்தில் விலகலாம். மற்றொன்றுக்குப் பதினான்காம் வாரத்தில் விலகலாம். எந்நாளில் விலகும் என்று வெளியே நின்று அறிய வழியில்லை. ஆகவே ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறாம் வாரம் வரை திரும்பத் திரும்பப் போடப்படுகிறது. நடுவில் நிறுத்துவோர், செலவழித்த பணத்தையும் வீணாக்குகின்றனர் எனலாம். இக்கூட்டுத் தடுப்பூசி பார்வோ நோயோடு டிஸ்டெம்பர், கல்லீரல் அழற்சி முதலியவற்றையும் தடுக்கிறது. எலிக் காய்ச்சலுக்கான மருந்தும் பெரும்பாலும் இதனோடு சேர்த்துப் போடப்படும்.

வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி தனி. மூன்று மாதம் நிறைந்ததும் ஒன்று, மருத்துவர் குறிக்கும் நாளில் மற்றொன்று, பின்னர் ஆண்டுதோறும் ஒன்று. இதில் சிக்கனம் என்ற சொல்லுக்கே இடமில்லை. 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் பாரிசில் லூயி பாஸ்டர் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இந்நோய்த் தடுப்பு மருந்தைச் செலுத்தினார். நம் குன்னூரில் 1907-இல் அவர் பெயராலேயே நிலையம் எழுந்தது. இத்தனை காலத்துக்குப் பின்னரும், நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் மனிதரைக் காப்பாற்றுவது ஏறத்தாழ இயலாத செயலாகவே இருக்கிறது. வீட்டு நாய்தானே, குட்டிதானே, நகம்தானே பட்டது என்று இருந்துவிடலாகாது. கடிபட்ட இடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கே தடுப்பூசி இலவசம். சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் அப்பும் பழக்கத்தை நம் பாட்டிமார் இனியேனும் விட்டொழிப்பார்களாக.

குடற்புழு நீக்க மருந்து அடுத்தது. தாய் வயிற்றிலேயே புழுவைப் பெற்றுப் பிறக்கும் குட்டிகள் பல. பிறந்து இரண்டு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறையும், ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும், பின்னர் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் தருவது வழக்கம். இப்புழுக்களுள் சில தவழும் குழந்தைகளையும் தொற்றும் என்பதால் இது நாயின் செலவு மட்டுமன்று. உண்ணியைப் பற்றியும் ஒரு சொல். நம் வெப்ப நாட்டில் ஆண்டு முழுவதும் உண்ணி உண்டு; அது கொணரும் காய்ச்சல் நாயின் இரத்தத்தையே வற்றச் செய்துவிடும். உண்ணித் தடுப்பு மருந்தின் விலையைக் கண்டு மலைப்போர், அக்காய்ச்சலுக்கான இரத்தப் பரிசோதனைக் கட்டணத்தை ஒருமுறை விசாரித்துப் பார்க்கட்டும்.

இனி கணக்குக்கு வருவோம். நம் பங்கில் நாய் வளர்ப்போர் சிலரின் மருந்துச் சீட்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். ஊருக்கு ஊர், மருத்துவருக்கு மருத்துவர் தொகை மாறும். எனினும் ஒரு மாதிரிக் கணக்கு எழுதிப் பார்ப்பதில் தவறில்லை. கூட்டுத் தடுப்பூசி ஒன்று 800 ரூபாய் வீதம் மூன்றுக்கு 2,400. வெறிநாய்க்கடித் தடுப்பூசி 350 வீதம் இரண்டுக்கு 700. ஆண்டு முழுவதற்கும் குடற்புழு மருந்து 600. உண்ணித் தடுப்பு 1,500. இடையே வரும் சிறு நோய்களுக்கு நான்கு முறை மருத்துவரைக் காணக் கட்டணம் 300 வீதம் 1,200. ஆக 6,400 ரூபாய். கருத்தடை அறுவைக்கு 6,000 என வைத்தால் 12,400. எதிர்பாராத பெருநோய்க்கென 5,000 தனியே ஒதுக்கினால் 17,400. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,450 ரூபாய். "இலவசமாய்" வந்த குட்டிக்கு முதலாண்டில் இதுதான் விலை.

இத்தொகையைக் கண்டு அஞ்சி நாயே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. இதில் குறைக்கக் கூடியவை உண்டு. அரசுக் கால்நடை மருந்தகங்களில் ஏழை எளியோர் பெருஞ்செலவின்றிச் சிகிச்சை பெறலாம். சில வேளை மருந்தை மட்டும் வெளியில் வாங்கித் தர நேரிடும். 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியிலும், 1985-இல் தொடங்கிய கல்லூரி நாமக்கல்லிலும் உள்ளன; ஒரத்தநாட்டிலும் திருநெல்வேலியிலும் கல்லூரிகள் உண்டு. அருகில் வாழ்வோருக்கு அவற்றின் மருத்துவமனைகள் பெரும் துணை. ஆனால் சிற்றூர் மருந்தகம் இரவில் திறந்திராது. நாய்க்கு நோய் பகலில்தான் வரும் என்ற உறுதியும் இல்லை. ஆகவே அந்த 5,000 ரூபாயை மட்டும் குறைக்க வேண்டாம். அஞ்சலகச் சேமிப்பிலோ, சுயஉதவிக் குழுச் சேமிப்பிலோ, அடுக்களை அஞ்சறைப் பெட்டியிலோ, எங்கேனும் அது தனியே இருக்கட்டும். நாய்க்கும் காப்பீடு வழங்கும் நிறுவனங்கள் இன்று நம் நாட்டில் உண்டு. அவை தடுப்பூசி போன்ற வழக்கமான செலவைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. நிபந்தனைகளை முழுவதும் படித்த பின்னரே கையொப்பமிடுக.

குறைக்கக் கூடாதவற்றைக் குறைப்போரும் உளர். தடுப்பூசி மருந்தைக் கடையில் வாங்கித் தாமே குத்திவிடுவது ஒன்று. அம்மருந்து இரண்டு முதல் எட்டு டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டியது. பேருந்தில் வெயிலில் கொண்டுவந்தபின் அது வெறும் நீருக்கு ஒப்பாகும். நமக்குத் தலைவலிக்கு வாங்கிய மாத்திரையை நாய்க்கும் பாதி கொடுப்பது மற்றொன்று. பாராசிட்டமாலும் இபுபுரூஃபனும் அதன் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்க வல்லவை.

கருத்தடை அறுவையைப் பற்றிப் பேசக் கூச்சப்படும் வீடுகள் இன்றும் உள்ளன. பெட்டை ஆண்டுக்கு இருமுறை கூடப் பருவமடையும். ஈனும் ஒவ்வொரு முறையும் நான்கைந்து குட்டிகள், அவற்றுக்கும் மேற்சொன்ன கணக்கே. அன்றியும், கருத்தடை செய்யாத பெட்டைக்கு வயது ஏறியபின் கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய் வரக்கூடும். அப்போது செய்ய நேரும் அவசர அறுவைக்குச் செலவும் அதிகம், ஆபத்தும் அதிகம்.

இனத்தைத் தேர்வதிலும் மருத்துவச் செலவு அடங்கியிருக்கிறது. சப்பை மூக்குப் பக் நாய் அக்கினி நட்சத்திரத்தில் மூச்சுக்குத் தவிக்கும். ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் லாப்ரடாருக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு அடிக்கடி காணப்படுகிறது. பனிநாட்டு ஹஸ்கியை மதுரை வெயிலில் வளர்ப்பதை என்னென்பது? நம் இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி இனங்கள் இம்மண்ணின் வெப்பத்துக்குப் பழகியவை. 2005-இல் இந்திய அஞ்சல் துறை இராசபாளையத்துக்கு அஞ்சல் தலையே வெளியிட்டது. இவற்றிலும் முழு வெண்மையான இராசபாளையக் குட்டிகளுள் செவிடு உண்டாகையால், வாங்குமுன் பின்னாலிருந்து கை தட்டிப் பார்ப்பது நலம். செலவைக் கருதுவோருக்குத் தெருவில் பிறந்த நாட்டுக் குட்டியே நம் பரிந்துரை. அதுவும் நோய்க்கு விலக்கானதன்று. ஊசி அதற்கும் அதே எண்ணிக்கைதான்.

இரண்டாம் ஆண்டிலிருந்து செலவு குறையும். நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழக் கூடியது, முதுமையில் மீண்டும் ஏறும். ஆதலால் குட்டியைத் தூக்கி வருமுன் கணவனும் மனைவியும் ஒரு மாலை அமர்ந்து பேசட்டும். பிள்ளைகளும் உடனிருக்கட்டும், பென்சிலை அவர்கள் கையிலேயே கொடுத்துக் கணக்கெழுதச் சொல்வது இன்னும் நன்று. மாதம் எவ்வளவு ஒதுக்க இயலும், பெருநோய் வந்தால் எத்தொகை வரை செலவிட இயலும் என்பதை நாய் நலமாயிருக்கும் போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். மருத்துவமனை வராந்தாவில், பிள்ளை அழுதுகொண்டு நிற்கையில், அம்முடிவை எடுப்பது எவருக்கும் கடினம். இவ்வாண்டு இயலாது எனத் தெரிந்தால் அடுத்த ஆண்டு வரை பொறுப்பதில் இழிவு ஏதுமில்லை.

குட்டி வந்த மூன்று நாளுக்குள், நோய் எதுவும் இல்லாவிடினும், மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுக. அவர் தரும் தடுப்பூசி அட்டையில் ஊசியின் நாளும் அடுத்து வர வேண்டிய நாளும் எழுதப்பட்டிருக்கும். அதைக் குடும்ப அட்டை வைக்குமிடத்தில் வைத்து, நாட்களைச் சுவர் நாட்காட்டியிலும் குறித்துக் கொள்க. பிற்காலத்தில் ஊர் மாற நேர்ந்து நாயை வேறொருவரிடம் ஒப்படைத்தால், அந்த அட்டையையும் சேர்த்துக் கொடுக்க மறவற்க.