மண்டைக்குள் ஒரு குமிழி

கோவில்பட்டியில் ஸ்கேன் எடுக்கப் போகிறோம் என்றால் வயிற்றுப் பிள்ளையைப் பார்க்க, இல்லையென்றால் சிறுநீரகக் கல்லைப் பார்க்க. காதுக்குக் கேட்காத அதே ஒலியால் மூளைக்கு மருந்து போக வழியும் திறக்கலாம்.

மூளையின் ரத்த நுண்குழாய்களில் சுவர்ச் செல்கள் நெருக்கமாக ஒட்டியிருக்கும். ஊசியில் ஏற்றும் மருந்துகளில் பெரும்பாலானவை அந்தச் சுவரைத் தாண்டாது. மருந்தைப் பொதிந்த நானோ துகள் தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான், அதுவும் தாண்டாது.

துகளை ஒலி தள்ளிக்கொண்டு போகிறது என்று நினைத்துவிடக் கூடாது. வேலை செய்வது குமிழி. கொழுப்பு ஓட்டுக்குள் வாயு அடைத்த நுண்குமிழிகளைக் கை நரம்பில் ஏற்றுகிறார்கள். ரத்தத்தோடு சுற்றிவரும் அவை, ஒலி குவியும் இடத்துக்கு வந்ததும் நொடிக்கு இரண்டு லட்சம் தடவைக்கு மேல் விரிந்து சுருங்குகின்றன. சுவர் இழுபட்டு, செல்களின் பிடி தளர்கிறது. கோடையில் விட்ட கரிசல் வெடிப்பு மழைநீரைக் குடித்துத் தானே மூடிக்கொள்வது போல, இந்த இடைவெளியும் ஏறக்குறைய ஒரு நாளில் மூடிவிடும். அதற்குள் ரத்தம் கொண்டுவரும் மருந்து உள்ளே போயாக வேண்டும். ஒலியின் வீரியம் மிஞ்சினால் குமிழி வெடித்து ரத்தம் கசியும். அதனால் கருவி குமிழியின் ஓசையைக் கேட்டபடியே வீரியத்தைக் குறைத்துக்கொள்கிறது.

ஆய்வாளர் குல்லர்வோ ஹைனினென் குழுவினர் 2001இல் இப்படிச் சுவரைத் திறப்பதை முயல்களில் காட்டினார்கள். 2015இல் டொராண்டோவின் சன்னிபுரூக் மருத்துவமனையில், மூளைக்கட்டி நோயாளி ஒருவருக்கு மண்டையைத் திறக்காமலே செய்தார்கள். 2024இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் அல்சைமர் நோயாளிகள் மூவருக்கு எதிர்ப்புரத மருந்து கொடுத்தபோது, ஒலி பட்ட பகுதியில் அமிலாய்டு என்ற புரதப் படிவு கூடுதலாகக் குறைந்தது. மூன்றே பேர், அதற்குமேல் இப்போதைக்குச் சொல்லக் கூடாது.

நமக்குப் பக்கத்தில் கோவை ராயல் கேர் மருத்துவமனையில் இந்த வகைக் கருவி இருக்கிறது. எம்.ஆர்.ஐ.க்குள் தலைக்கவசம், அதில் 1024 ஒலி முனைகள். முடிக்கிடையே தங்கும் காற்று ஒலியைத் தடுக்கும் என்பதால் மொட்டை போட்டாக வேண்டும். நமக்கென்ன, பழக்கம்தான். ஆனால் அங்கே கை நடுக்கத்துக்குச் செய்வது வேறு: குமிழியில்லாமல், ஒலியின் சூட்டால் மூளையில் ஒரு புள்ளியைச் சுடுகிறார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சுவரைத் தாண்டினாலும் துகளுக்கு வேலை முடிவதில்லை. மூளைத் திசு பசைபோல் பிடித்துக்கொள்ளும். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொருளை அடர்த்தியாகப் பூசினால் 114 நானோமீட்டர் துகள்கூடத் திசுவுக்குள் நகரும் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2012இல் காட்டினார்கள். பூச்சில்லாத துகள்கள் நின்ற இடத்திலேயே ஒட்டிக்கொண்டன.