டிரினிடாட் கோகோ: அன்றும் இன்றும்

டிரினிடாட் தீவின் பெயர்பெற்ற கோகோவை முதலில் எந்த விஞ்ஞானியும் உருவாக்கவில்லை. ஸ்பானியர் நட்ட கிரியோல்லோ வகைக் கோகோவுக்கு மணம் உண்டு, வலு இல்லை. 1727-ல் தோட்டங்கள் அழிந்தன. புயலா, நோயா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. சுமார் 30 ஆண்டு கழித்து வந்த ஃபோரஸ்டெரோ வகை, தப்பிப் பிழைத்த பழைய மரங்களோடு தானாகவே கலந்தது. அப்படிப் பிறந்ததுதான் டிரினிட்டாரியோ. கலப்பை நடத்தியவை கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு பூச்சிகள். மனிதர் விதையை ஊன்றியதோடு சரி.

தோட்டங்களில் நின்றவை விதைக் கன்றுகள் என்பதால் ஒரு மரம் காய்த்துக் குலுங்கும், பக்கத்து மரம் சும்மா நிற்கும். 1930-களில் ஆய்வாளர் எஃப்.ஜே. பவுண்ட் தோட்டம் தோட்டமாக அலைந்து, பருத்த விதையும் நிறைந்த காயும் உள்ள 100 மரங்களைத் தேர்ந்தெடுத்தார். ஐ.சி.எஸ். என்ற ரக வரிசை அதுதான். ஆனால் 1928-லேயே துடைப்ப நோய் தீவுக்குள் நுழைந்திருந்தது. தளிர்கள் துடைப்பம்போலக் கொத்தாகப் புடைத்துக் காய்ந்துவிடும். மாற்று தேடி பவுண்ட் மேல் அமேசான் காட்டுக்குப் போனார். அங்கிருந்து வந்த ஸ்கவீனா என்ற ரகத்தின் விதை சிறுத்தது. தோட்டக்காரர் பார்த்தால் முகம் சுளிப்பார். ஆனால் நோயை எதிர்த்து நின்றது.

பெரிய விதைக்காரனையும் நோய் தாங்கியையும் சேர்க்கும் வேலையைப் பின்னாளில் ஆய்வாளர் டபிள்யூ.இ. ஃபிரீமன் பல தலைமுறை மரங்களில் தொடர்ந்தார். பொறுமை கேட்கும் வேலை. மறுநாள் விரியப்போகும் மொட்டை மாலையிலேயே கண்டுபிடித்து, பூச்சி நுழையாமல் சிறு குழாயால் மூட வேண்டும். பூவோ விரல் நகம் அளவுதான். அதன் மகரந்தம் இதழ்க் குல்லாவுக்குள் ஒளிந்திருக்கும். காலையில் தந்தை மரத்துப் பூவிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, தாய்ப்பூவின் சூலகமுடியில் தடவ வேண்டும். ஒட்டினால் காய் முற்ற ஐந்தாறு மாதம். அதன் விதை மரமாகிக் காய்க்க மேலும் சில ஆண்டு.

இன்று தீவின் கோகோ மரபணு வங்கியில் சுமார் 2,400 வகைகள் உள்ளன. 2010-ல் கிரியோல்லோவின் மரபணு வரிசையும் வெளியானது. மரபணுச் சோதனைக்குக் கன்றின் இலைத்துண்டு போதும், பெற்றோர் யார் என்று சொல்லிவிடலாம். பல வங்கிகளில் பெயர்ப்பலகை மாறி நின்ற மரங்கள் இப்படித்தான் அகப்பட்டன. அவற்றை நம்பிக் கலப்பு செய்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஆனாலும் விளைச்சலையும் சுவையையும் உறுதிசெய்ய இன்றும் மரம் காய்க்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

1920-களின் தொடக்கத்தில் 30,000 டன்னுக்கு மேல் விளைந்த தீவில் இப்போது ஆயிரம் டன்கூடத் தேறுவதில்லை. பழி ரகத்தின்மேல் மட்டும் இல்லை; துடைப்ப நோய் தாக்கியது, கூலியாட்களும் எண்ணெய்த் தொழிலுக்கும் நகரத்துக்கும் போய்விட்டார்கள். பவுண்ட் கொண்டுவந்த அமேசான் மரங்களின் வழித்தோன்றல்கள் 1944-ல் கானாவின் டாஃபோ நிலையத்துக்குச் சென்றன. அங்கே பெருகிய கலப்பின விதைதான் மேற்கு ஆப்பிரிக்காவின் பல தோட்டங்களை நிறைத்தது. டிரினிடாட் செய்த ஆராய்ச்சியின் பெரும்பலன் போய்ச் சேர்ந்தது அங்கேதான்.