விளையாட்டுலகில் பரவிய கொள்ளைநோய்

விளையாட்டு சிறார்க்கே உரியது. கல்லூரி மாணவர் அதனை ஆராயப் புகுதல் வீண் என்பார் பலர். யாமும் முன்னர் அக்கருத்தே உடையேமாயிருந்தோம். ஆயினும் சிறியதொரு விளையாட்டு நிகழ்ச்சி, மருத்துவ நூலார் சிலர்க்கும் பாடமாயமைந்த வரலாற்றை அறிந்தபின் அக்கருத்தினை மாற்றிக்கொண்டோம். அதனை ஈண்டுச் சுருங்க விளக்குவோம்.

சிந்தாதிரிப்பேட்டை, கூவம் ஆற்றின் வளைவினுள்ளே, 1734ஆம் ஆண்டில், ஜார்ஜ் மார்ட்டன் பிட் என்னும் ஆளுநர் காலத்தில் நெசவாளர்க்கென அமைக்கப்பட்ட ஊர். சின்னத்தறிப்பேட்டை என்பதே இவ்வாறு மருவிற்றென்பர். தறிகள் ஒலித்த அப்பேட்டையையொட்டி, மவுண்ட் ரோட்டின் பக்கத்தே, இன்று ரிச்சித் தெரு விளங்குகின்றது. கணினியும் அதன் உறுப்புக்களும் குவித்து விற்கப்படும் அத்தெருவிற் சென்றால், விளையாட்டின் பொருட்டே கணினி வாங்கும் இளைஞரைக் காணலாம். அவர் ஆடுவனவற்றுள் ஒருவகை, இணையவழிப் பாத்திரமேற்பு விளையாட்டாகும்.

தெருக்கூத்தில் ஒருவன் முடிபுனைந்து வீமனாதல் போல, இவ்விளையாட்டில் ஒவ்வொருவரும் வீரனாகவோ மருத்துவனாகவோ வேடனாகவோ ஒரு வேடம் பூணுவர். கூத்து விடியலில் முடியும், இஃது முடிவதில்லை. ஆடுவோர் உறங்கினும் அவ்வுலகம் சர்வர் என்னும் கணினிகளில் இயங்கிக்கொண்டேயிருக்கும். ஆங்கே நகரங்களும் அங்காடிகளும் காடுகளும் உள. கடைகளில் நிற்கும் வணிகர் மட்டும் மாந்தர் ஆட்டுவிக்கும் பாத்திரங்களல்லர். கணினியே இயக்கும் பாவைகளாவர். இவ்வுலகம் பழகிப் புளித்துப் போகாவண்ணம், ஆக்கியோர் இடையிடையே புதிய இடங்களையும் பகைவரையும் சேர்ப்பர். அச்சேர்க்கையையே ஆட்டக்காரர் ‘அப்டேட்’ என வழங்குவர்.

பிளிசர்டு என்னும் அமெரிக்க நிறுவனம் 2004ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ இவ்வகையில் பெயர் பெற்றது. அதற்கு 2005ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் ஒரு புதுச்சேர்க்கை வந்தது. பரந்த அவ்வுலகிற்கு அஃது ஒரு மூலையளவினதே: காட்டினிடையே சுல்குரூப் என்னும் பாழ்நகரம், அதனுள் 20 பேர் கூடிப் பொருதற்குரிய ஹக்கார் என்னும் குருதித் தெய்வம். ஹக்கார் தன்னை எதிர்ப்பார்மீது ‘கெட்ட குருதி’ என்னும் நோயை ஏவும். அந்நோய் உடல்வலிமையைச் சிறிது சிறிதாக உறிஞ்சும். அருகில் நிற்பாரையும் தொற்றும். பாழ்நகரின் எல்லைக்கு அப்பால் அது செல்லலாகாதென்பதே ஆக்கியோர் கருத்து.

ஆனால் அவர் ஒன்றை மறந்தனர். வேடர் வேடம் பூண்டோர்க்கு வளர்ப்பு விலங்குகள் உண்டு. அவற்றை வேண்டாதபொழுது மறையச் செய்து, வேண்டியபொழுது மீள அழைக்கலாம். நோயுற்ற விலங்கை மறைத்து, பின்னர் நகரத்தின் நடுவில் அழைத்தபோது, நோயும் உடன் வந்தது. நகரத்து வணிகப் பாவைகளையும் அது பற்றிற்று. பாவைகளோ மடிவதில்லை, நோய்க்குறியும் காட்டுவதில்லை, தம்பால் வந்தார்க்கெல்லாம் அந்நோயை ஈந்துகொண்டே நின்றன. முதிர்ந்த வீரர் ஓரளவு தாங்கினர். புதிதாய் ஆடத் தொடங்கினோர் தொற்றியவுடனே வீழ்ந்தனர். பெருநகர வீதிகளில் எலும்புக்கூடுகள் நிறைந்தன.

இதனினும் வியப்பாவது மாந்தர் நடந்துகொண்ட முறையே. மருத்துவ வேடத்தார் சிலர், அழைப்பாரின்றியே நகரத்துள் நின்று, தாமும் நோயுற்று மடிந்து மடிந்தெழுந்து பிறரைப் பேணினர். சிலர் ஆளில்லாக் காடுகளை நாடி ஓடினர். சிலர் ‘என்னதான் நிகழ்கின்றது, கண்டு வருவோம்’ என்று நகரத்துட் புகுந்து நோயேற்றுத் திரும்பினர். வேறு சிலரோ, வேண்டுமென்றே நோயைச் சுமந்து கூட்டத்தினிடையே பரப்பினர். நிறுவனத்தார் முதலில், தாமாகவே ஒதுங்கியிருக்குமாறு ஆட்டக்காரரை வேண்டினர்; கேட்டார் சிலர், கேளாதார் பலர். முடிவில் சர்வர்களை மீளத் தொடக்கியும் விதிகளைத் திருத்தியும் சில வாரங்களில் நோயை ஒழித்தனர்.

2007ஆம் ஆண்டில் எரிக் லாஃப்கிரன், நீனா ஃபெஃபர்மன் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், ‘லான்செட்’ குழுவின் தொற்றுநோய் இதழில் இந்நிகழ்ச்சியை ஆராய்ந்து எழுதினர். நோய் பரவும் வேகத்தைக் கணக்கிடுவோர், மாந்தர் அஞ்சியும் துணிந்தும் ஆவல் கொண்டும் நடக்கும் வகைகளைச் சமன்பாட்டில் அடக்குதல் அரிது. மெய்யான நோயை மக்களிடை ஏவிப் பார்த்தலோ அறமன்று. விளையாட்டுலகம் அக்குறையை ஒருவாறு நிரப்பலாம் என்பது அவர் துணிபு. இதற்கு எல்லையும் உண்டு. விளையாட்டில் இறந்தவர் மீண்டெழுவர். ஆதலின் அங்கே துணிவு மலிவு. மெய்யுலகில் இறந்த தாயை எவரும் மீள அழைத்தல் இயலாது.

இவ்வேறுபாட்டை நாம் நூலிற் கற்கவில்லை, வாழ்விற் கண்டோம். 2020ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் முதல் நாடெங்கும் ஊரடங்கிற்று. சிறாராகிய யாமும் தெருவிழந்து திரையிற் கூடினோம். அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் கோயம்பேட்டு அங்காடியில் கொரோனா பரவியது வெளிப்பட்டது. மே 5ஆம் நாள் அங்காடி அடைக்கப்பட்டது. மொத்த வாணிகம் திருமழிசைக்கு மாறிற்று. அங்கே உழைத்து, கடலூர், விழுப்புரம், அரியலூர் முதலிய ஊர்களுக்கு மீண்ட தொழிலாளர் பலரிடம் நோய் காணப்பட்டது. அவருள்ளும் குறி தோன்றாதோர் பலர். அவரைப் பழித்தார் உண்டு. விளையாட்டுலகின் வணிகப் பாவையும் இடம் பெயராது நின்றது. மூட்டை சுமந்த தொழிலாளியும் நின்றான். அது நின்றது கணினியின் ஆணையால். இவன் நின்றது பசியால். வேண்டுமென்றே நோய் பரப்பியவனோடு இவனை ஒருங்கெண்ணுதல் பெரும்பிழையாகும். ‘ஒதுங்கியிருங்கள்’ என்னும் அறிவுரை, ஒதுங்கியிருந்தால் உண்ண வழியுள்ளவனுக்கே பயன்படும் என்பதும் இதனால் விளங்கும். இப்பாடம் விளையாட்டுலகில் இல்லை. ஏனெனில் அங்கே பசித்து மடிவாரில்லை.

இனி, ஒன்று எஞ்சி நிற்கின்றது. தண்டிப்பாரும் புகழ்வாரும் இல்லாத அவ்வுலகில், வேடத்தின் பின்னே முகம் மறைந்திருந்தபொழுது, ஒருவன் நோய் பரப்பினான். மற்றொருவன் பெயரறியாதானுக்கு மருந்திட்டான். இருவர்க்கும் அது விளையாட்டே. எனினும் வேடம் அவரை மறைக்கவில்லை, வெளிப்படுத்திற்று. எரிகோ வழியிற் கிடந்தானைக் கண்ட சமாரியனும், பார்ப்பார் ஒருவருமில்லாத இடத்திலேதான் தன் கழுதையினின்று இறங்கினான். நம்மை எவரும் காணாதபொழுது நாம் யாராயிருக்கின்றோம் என்னும் வினாவை விளையாட்டும் வினவும், நோயும் வினவும். விடையை ஆயத்தஞ் செய்துகொள்ளுதற்கு இக்கல்லூரி வாழ்வினும் ஏற்ற காலம் வேறு யாது?