பழைய டிவி கேமும் மின்னோட்டவியல் பாடமும்

"சார், இது ஓடுமாங்க?"

பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் மஞ்சள் பையிலிருந்து எடுத்து என் மேசைமேல் வைத்தது ஒரு பழைய டிவி கேம் பெட்டி. பழைய இரும்புக் கடையில் கிடைத்ததாம். அவனுடைய பெற்றோர் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள். அவனும் வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு வராமல் கைமடி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த நேரம் அது.

1983இல் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' கருவியின் நகல்கள்தாம், 1990களில் நம் கடைவீதிகளில் விற்ற டிவி கேம்கள். அன்று நாம் 'கேசட்' என்று சொன்ன அட்டையில் 60 தொடுமுனைகள் இருக்கும்.

முதல் தவறை நானே செய்தேன். கையில் கிடைத்த 9 வோல்ட் அடாப்டரைச் செருகினேன். லேசான புகை வந்தது. "சார், நடுவுல மைனஸ்னு பெட்டியிலயே படம் போட்டிருக்குதுங்க" என்றான் அவன். என் அடாப்டரில் நடுமுனை பிளஸ். நேர்முனை, எதிர்முனை பற்றி நான் நடத்திய பாடத்தை அவன் எனக்குத் திருப்பி நடத்தினான்.

கெட்டது 7805 என்ற மூன்று கால் மின்னழுத்தச் சீராக்கியும், அதனருகில் இருந்த மின்தேக்கியும். 7805-இன் வேலை 9 வோல்ட்டை 5 வோல்ட்டாக்குவது. மீதி 4 வோல்ட் வெப்பமாகிறது. மின்னோட்டம் 0.2 ஆம்பியர் என்றால் திறன் 4 × 0.2 = 0.8 வாட். அதற்கு ஏன் அலுமினியத் தகடு பொருத்துகிறார்கள் என்பது வகுப்புக்கு உடனே புரிந்தது.

இதைச் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்:

கருவிகள்: 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயம், ஃப்ளக்ஸ், ஈயம் உறிஞ்சி, ஸ்டார் ஸ்குரூடிரைவர், மல்டிமீட்டர். மல்டிமீட்டரை முதலில் வாங்குங்கள். அடாப்டரின் முனைகளை அளக்காமல் எதையும் செருகாதீர்கள்.

பாகங்கள்: 7805 போன்றவை ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலேயே சில ரூபாய்க்குக் கிடைக்கும். கிடைக்காதவற்றுக்குச் சென்னை ரிச்சி தெரு இருக்கிறது. கழற்றிய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். மின்தேக்கியில் மைக்ரோஃபாரட் அளவு அதேபோல் இருக்க வேண்டும். வோல்ட் அளவு குறையக் கூடாது. கேசட் செருகும் பகுதி தனியாகக் கிடைப்பது அரிது. ஓடாத இன்னொரு பெட்டிதான் அதற்கு வழி. பலகையில் கறுப்புத் தார் உருண்டைபோல மூடியிருக்கும் சிப் கெட்டால் சரிசெய்ய முடியாது. அந்தப் பெட்டியை உதிரிபாகத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

சுத்தம்: கேசட்டில் வாயால் ஊதும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. எச்சிலின் ஈரம் தொடுமுனைகளை அரிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போதும். துணிக்கு நம் ஊரில் பஞ்சமா? சுத்தமான வெள்ளைப் பனியன் கட்டிங் வேஸ்ட்டே போதும்.

பாதுகாப்பு: 230 வோல்ட் பக்கம் மாணவர் கை போகக் கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்துப் பற்றவையுங்கள். முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவச் செய்யுங்கள். மின்கழிவை எரிக்காமல், அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேருங்கள்.

மூன்றாம் வாரம், பள்ளி டிவியின் ஏவி முனையில் மஞ்சள், வெள்ளை ஒயர்களைச் செருகியதும் படம் வந்தது. துப்பாக்கி விளையாட்டு மட்டும் ஓடவில்லை. அது பழைய படக்குழாய் டிவியில் ஒளி வரிவரியாக ஓடுவதை நம்பிச் செய்யப்பட்டது. அதுவும் ஒரு பாடமானது.

அந்தப் பெட்டிதான் அவனை மீட்டது என்று சொல்ல மாட்டேன். நான் இரண்டு முறை வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் பேசியதும் சேர்த்திதான். ஆனால் அந்த மூன்று வாரமும் அவன் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. பொதுத்தேர்வு எழுதிய பிறகு ஒரு நாள் வந்தான்.

"ஐடிஐ-ல எலக்ட்ரானிக் மெக்கானிக் இருக்குதாமுங்க சார். விண்ணப்பம் போட்டிருக்கேன்" என்றான். கையில் அதே மஞ்சள் பை. உள்ளே ஓடாத ரேடியோ ஒன்று இருந்தது.